மூக்குக்குச் சம்பளம்

ஜெயசெல்விக்கு என்ன வேலை என்று தமிழ் ஜெபக்கூட்டத்தில் யாராவது கேட்டால், அவள் புருஷன் சத்தியசீலன் முந்திக்கொண்டு, "குவாலிட்டி கன்ட்ரோல்" என்பான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நியூஜெர்சியில் எடிசன் பக்கம் அன்றைக்கு இருந்த நம்மவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு கன்ட்ரோலில்தான் இருந்தார்கள். நிஜம் தெரிந்தவள் ஐசலினில் இருந்த ஞானம் ஆன்ட்டி ஒருத்திதான். ஆன்ட்டி வாயில் அது இத்தனை வருஷம் தங்கியதே அதிசயம்.

கிரான்டன் என்பது சோப்பு, பற்பசை, ஷாம்பூ, சலவைத் தூள் எல்லாம் செய்கிற பெரிய கம்பெனி. அமெரிக்காவில் எந்த வீட்டுப் பாத்ரூமுக்குள் போனாலும் அவர்கள் பாட்டில் ஒன்றாவது நிற்கும். அக்குளில் போட்டுக்கொள்கிற டியோடரன்ட் அதில் ஒரு தனிப் பிரிவு. புதுச் சரக்கு ஒன்று செய்தால் அது நாற்றத்தை நிறுத்துகிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு மெஷின் கிடையாது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் காசு கொடுத்து வரவழைப்பார்கள். ஒரு அக்குளில் புதுசு, இன்னொன்றில் பழசு. மறுநாள் காலை அவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்க, நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து, நாற்றத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போடுவார்கள். இதற்குப் பேனல் என்று பெயர். அந்த நாலு பேரில் ஒருத்தி பாளையங்கோட்டை ஜெயசெல்வி, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

"ஊர்ல எங்கம்மாவுக்கு என்னன்னு எழுத? ஒங்க மருமக வெள்ளக்காரன் கக்கத்த மோந்து பாக்கான்னா?" என்றான் சத்தியசீலன், அவள் பேனலில் சேர்ந்த முதல் வாரம்.

"வெள்ளக்காரியும் வாராவ அத்தான். அதையும் சேத்து எழுதுங்க."

அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எண்பதாம் வருஷம் லேபில் குடுவை கழுவி, எடை போட்டுக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தவள். ஒருநாள் லேபில் இருந்த பெண்கள் எல்லோரிடமும் வாசனை தோய்த்த காகிதத் துண்டுகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஜெயசெல்வி ஒன்றைக்கூடத் தப்பாக வைக்கவில்லை. பேனல் தலைவி டோரதி, தலை நரைத்த, சளசளவென்று பேசுகிற அம்மாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு மூக்கை எங்கே ஒளித்துவைத்திருந்தாய்?" என்றாள். குடுவை கழுவுகிறவளை அதுவரை யாரும் தோளில் தொட்டதில்லை. சம்பளமும் கொஞ்சம் ஏறியது. சரி என்றாள்.

சரி என்ற பிறகுதான் விதிகள் வந்தன. பேனல் நடக்கிற வாரங்களில் வெங்காயம், பூண்டு, காப்பி கூடாது. சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் கூடாது. துணியில் எந்த வாசனையும் ஏறக்கூடாது. மணமில்லாத சோப்பும் மணமில்லாத சலவைத் தூளும் கம்பெனியே கொடுத்தது. பேனல் அநேகமாக எல்லா வாரமும் நடந்தது. நியூஜெர்சி வீட்டில் கோட்டு மாட்டுகிற அலமாரி அடுப்படிக்கு எதிரில்தான் இருக்கும். ஒருநாள் கடுகு தாளித்தால் குளிர்காலம் முழுக்க அது கோட்டில் உட்கார்ந்திருக்கும். ஆகவே அந்த வீட்டில் தாளிப்பு நின்றது. பிறகு மீன் நின்றது. பிறகு மசாலா டப்பா மேல் அலமாரிக்குப் போனது. வேகவைத்த கோழி, வேகவைத்த கேரட், உப்பு, மிளகுத்தூள்.

சத்தியசீலன் சனிக்கிழமைகளில் ஞானம் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். வந்ததும் கராஜிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"தண்ணியடிச்சிட்டு வாரவன்கூட இப்படிப் பயந்து பயந்து வீட்டுக்குள்ள வரமாட்டான்" என்பான்.

அவர்கள் மகள் பியூலா ஒருநாள் அம்மா மடியில் படுத்துக்கொண்டு, "யூ டோன்ட் ஸ்மெல் லைக் எனிதிங், அம்மா" என்றாள். குழந்தை அதைப் பாராட்டாகத்தான் சொன்னது.

இன்னொன்றும் உண்டு. சளி பிடித்தால் மூக்கு வேலை செய்யாது. பேனலில் உட்கார்த்த மாட்டார்கள். பேனலுக்கான மேல்சம்பளம் அந்த வாரம் கிடையாது. பியூலாவுக்கு மூக்கு ஒழுகினால் ஜெயசெல்வி அவளைக் கட்டிப்பிடிப்பதற்கு முன் ஒரு நொடி யோசிப்பாள். யோசித்தது குழந்தைக்குத் தெரிந்திருக்குமோ என்று பிறகு யோசிப்பாள்.

ஆனாலும் கம்பெனியைத் திட்ட அவளுக்கு வாய் வராது. சத்தியசீலன் கட்டிடக் கம்பெனியில் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மன். கட்டிடம் இருக்கிற மாதம் வேலை இருக்கும், இல்லாத மாதம் வீட்டில் இருப்பான். பியூலாவுக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டி, உதடு நீலம் பூத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும். ஆஸ்பத்திரி வாசலில் ஜெயசெல்வி தன் கம்பெனி இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டுவாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். வீடு வாங்கப் போனபோது, கிரான்டன் என்ற பேரைக் கேட்டதும் பேங்க்காரன் எழுந்து நின்று கை கொடுத்தான். ஊருக்குப் போகிற பெட்டியில் பாதி கம்பெனிக் கடையில் வாங்கிய சோப்பாகத்தான் இருக்கும். "பெரிய கம்பெனியில இருக்கா" என்று பாளையங்கோட்டையில் அவள் அப்பா சொல்லிக்கொண்டார். பொய் இல்லை. கம்பெனி பெரிசுதான்.

அவள்தான் அதில் அதே இடத்தில் இருந்தாள். பற்பசையிலிருந்து டியோடரன்டுக்கு, டியோடரன்டிலிருந்து சலவைத் தூளுக்கு என்று இளவட்டங்கள் வந்து, ஒரு வருஷம் கற்றுக்கொண்டு, மேலே போனார்கள். போகும்போது, "ஜெயா, நீ இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் டோரதி ரிடையர் ஆகப்போகிறாள் என்று தெரிந்தது. பேனல் தலைவிக்கு ஜன்னல் வைத்த தனி அறை உண்டு. அவள் முகர வேண்டியதில்லை. முகர்கிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். டோரதி மதியம் சூப் குடிப்பாள், காப்பி குடிப்பாள், ரோஜா சென்ட் போட்டுக்கொள்வாள். "உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?" என்று அவளே ஜெயசெல்வியிடம் சொன்னாள்.

அன்று முதல் ஜெயசெல்விக்கு வேறு நினைப்பு இல்லை. அந்த அறை கிடைத்தால் அடுத்தவர் அக்குளுக்குக் கிட்டே போக வேண்டாம். சொந்த அடுப்படியில் மீன் குழம்பு வைக்கலாம். சளி பிடித்த குழந்தையை யோசிக்காமல் தூக்கலாம். என்ன வேலை என்று கேட்டால் புருஷன் முந்துவதற்குள் தானே வாய் திறந்து சொல்லலாம். இவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. ராத்திரி ஜெபத்தில்கூட அதைப் பேர் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு, "உமக்குச் சித்தமானால்" என்று நிறுத்திக்கொண்டாள்.

யாரைப் போடுவது என்று முடிவு செய்கிறவர் பிரிவின் டைரக்டர் ஹாலோவே. நல்ல மனிதர், எல்லோர் பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்வார். டோரதிக்குக் கேக் வெட்டிய அன்று, "நிஜமான இந்தியச் சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்லை, ஜெயா" என்றார். ஜூலையில் கம்பெனியை ஒரு வாரம் மூடுவார்கள். அப்போது பேனல் கிடையாது. அந்த வாரத்தில் ஹாலோவேயையும் அவர் மனைவி நான்சியையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

ஞானம் ஆன்ட்டி காலையிலேயே வந்துவிட்டாள். மசாலா டப்பா கீழே இறங்கியது. கோழி வறுவல், மீன் குழம்பு, தேங்காய்ப்பால் சோறு. சத்தியசீலன் அடுப்படி வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

"நம்ம வீடுதானா இது?" என்றான்.

"தள்ளுங்க, வேல கெடக்கு" என்றாள் ஜெயசெல்வி. அவளுக்கும் அழுகை வரும்போல இருந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள்.

விருந்தாளிகள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். முதல் தட்டு முடிந்ததும் ஜெயசெல்வி சோற்றுக் கரண்டியோடு வந்தாள். நான்சி, "வேண்டாம், நிறையச் சாப்பிட்டுவிட்டேன், நன்றி" என்றாள். ஜெயசெல்வி ஒரு கரண்டி வைத்தாள். "ஐயோ, நிஜமாகவே வேண்டாம்" என்றாள் நான்சி.

"சும்மா சொல்லுதா. வையி புள்ள, வெக்கப்படுதா" என்றாள் ஞானம் ஆன்ட்டி தமிழில், நான்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

நான்சி தட்டின்மேல் கையை விரித்துக்கொண்டாள். கரண்டி அதற்குள் சாய்ந்துவிட்டது. சோறு அவள் மோதிரத்தின்மேல் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சத்தியசீலன் அந்தச் சிரிப்பிலேயே ஹாலோவே தட்டில் ஒரு கோழிக்காலை வைத்துவிட்டான். அவர் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அதையும் தின்றார். பிறகு, ஏதோ உப்பை நகர்த்தச் சொல்வதுபோல, சாதாரணமாகக் கேட்டார்:

"ஜெயா, டோரதியின் நாற்காலி. அது உங்களுக்கு வேண்டுமா?"

ஜெயசெல்விக்குக் காது சூடானது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓ, நோ, நோ, மிஸ்டர் ஹாலோவே. எனக்கு எதற்கு? எவ்வளவோ நல்லவர்கள் இருக்கிறார்கள். மார்க்கெட்டிங்கில் கிறிஸ்டின் இருக்கிறாள், கெட்டிக்காரி. நான் இப்படியே இருந்துகொள்கிறேன்."

"வெளிப்படையாகச் சொன்னீர்கள். சந்தோஷம்" என்றார் ஹாலோவே. தண்ணீர் கேட்டார்.

அடுப்படிக்குள் வந்ததும் ஞானம் ஆன்ட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "கேட்டுட்டான்லா! முடிஞ்சுது, ஒனக்குத்தான்."

"நான் வேண்டாம்னுல்லா சொல்லிருக்கேன், ஆன்ட்டி?"

"பின்ன? கேட்ட ஒடனே தாங்கன்னு கையை நீட்டுவியா? அலையுதான்னு நெனைக்க மாட்டான்? நீ சொன்னதுதான் மரியாத. ரெண்டாந்தரம் ஆபீஸ்ல வச்சுக் கேப்பான் பாரு. அப்ப சரின்னு சொல்லு."

ஜெயசெல்வியும் அப்படித்தான் நினைத்தாள். அவள் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களுக்குக்கூட முதல் தடவை சரி சொன்னதில்லை. ஒரு டம்ளர் காப்பியைக்கூட முதலில் வேண்டாம் என்றுவிட்டுத்தான் வாங்கி வளர்ந்தவர்கள்.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் சத்தியசீலனால் பொறுக்க முடியவில்லை. "மிசஸுக்கு ஒரு மேனேஜர் போஸ்ட் கன்ஃபர்ம் ஆகுது" என்று சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் போட்டுக் கொடுத்தான். எல்லோரும் கை கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் முழுக்க அவள் காத்திருந்தாள். காரில் போகும்போது, "யெஸ், ஐ வுட் பி ஹாப்பி டு" என்று சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ஹாலோவே நடைபாதையில் எதிரே வந்தால் நடையை மெதுவாக்குவாள். அவர் பியூலாவின் ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்டார். மீன் குழம்பைப் பற்றிச் சொன்னார். ஒருதரம் நின்று, அவளையே பார்த்து, "ஜெயா" என்றார். அவள் வாயைத் திறந்தாள். "நான்சி அந்தச் சோற்றைப் பற்றி இன்னமும் பேசுகிறாள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பரில் நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தது. டோரதியின் இடத்துக்கு, மார்க்கெட்டிங்கிலிருந்து, கிறிஸ்டின்.

அன்றைக்கு மூன்று பேரை முகர்ந்து மார்க் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஜெயசெல்வி ஹாலோவேயின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டி, உள்ளே போய் அவர் எதிரே உட்கார்ந்தாள். "எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்" என்றாள்.

ஹாலோவே நிஜமாகவே திகைத்துப்போனார். "உங்களைக் கேட்டேனே, ஜெயா? முதலில் உங்களைத்தான் கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். கிறிஸ்டின் பேரைச் சொன்னதே நீங்கள்தானே?"

"ஆமாம்."

"நான் உங்கள் முடிவை மதித்தேன்."

அவர் குரலில் கள்ளம் இல்லை. எங்கள் ஊரில் முதல் வேண்டாம் கணக்கில் சேராது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த மனிதர், அப்படியானால் நீங்கள் சொல்வதில் எதைத்தான் நம்புவது என்று கேட்பார். நான்சி அன்றைக்கு எத்தனை தடவை வேண்டாம் என்றாள்! ஒரு தடவைகூட அவள் உபசாரத்துக்குச் சொல்லவில்லை என்பது ஜெயசெல்விக்கு அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது.

ஹாலோவே அவளைச் சமாதானப்படுத்த நினைத்தார். "உண்மையைச் சொன்னால், நீங்கள் மறுத்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தலைவியாக யாரை வேண்டுமானாலும் உட்கார்த்தலாம். உங்கள் மூக்குக்கு மாற்று நான் எங்கே போவேன்?"

"தேங்க் யூ" என்றாள் அவள். எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் சத்தியசீலன் தலையில் அடித்துக்கொண்டான். "வாயத் தொறந்து எஸ்ஸுன்னு ஒரு வார்த்த. அது ஒனக்கு வரல."

"நீங்களும் அங்கதான இருந்தீங்க? நான் நோன்னு சொன்னதும் பெருமையா தலையாட்டிக்கிட்டு, அவன் தட்டுல கோழிக்கால வச்சுக்கிட்டு."

"அது முந்தியே வச்சாச்சு."

"பெரிய நியாயம்."

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஜெபக்கூட்டத்துல கேட்டா என்ன சொல்ல?" என்றான்.

"காணிக்கையத் திருப்பிக் கேளுங்க. கவர்லதான குடுத்தீங்க, பிரிச்சிருக்க மாட்டாவ."

அவன் சிரிக்கவில்லை. ஞானம் ஆன்ட்டி போனில் கூப்பிட்டு, "ரெண்டாந்தரம் கேக்கத் தெரியாதவன் என்ன மனுசன்ட்டி?" என்று பொரிந்தாள். ஜெயசெல்வி, "அவர் ஒருதரம் கேட்டாரே ஆன்ட்டி. ஊர்ல காலேஜ் வேலையில இருந்திருந்தா அதுகூடக் கேட்டிருக்க மாட்டாவ" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஹாலோவேமீது கோபம் வந்தால் நன்றாக இருக்கும், வரவில்லை. வந்த கோபமெல்லாம் கரண்டி பிடித்த தன் கைமீதுதான் வந்தது.

கிறிஸ்டினுக்குப் பேனல் வேலை ஒன்றும் தெரியாது. ஜெயசெல்விதான் கற்றுக்கொடுத்தாள். ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, யார் ஏமாற்றிக் குளித்துவிட்டு வருகிறார்கள், எந்த முகர்வாளர் மதியத்துக்கு மேல் தாராளமாக மார்க் போடுவாள், எல்லாம். கிறிஸ்டின் நல்ல பெண். "நீ இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்" என்றாள்.

மறு வருஷம் கம்பெனி பாதத்துக்கு ஒரு பவுடர் கொண்டுவந்தது. காலுறைக்குள் தூவிக்கொள்வது. அதற்கும் ஒரு பேனல் வேண்டும். கிறிஸ்டின் அவளை ஜன்னல் வைத்த அறைக்குக் கூப்பிட்டு, "பாதப் பேனலும் நீங்கள் செய்ய முடியுமா, ஜெயா?" என்று கேட்டாள்.

ஜெயசெல்வி இந்தமுறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நோ. எனக்கு விருப்பமில்லை."

"அவசரமில்லை. வீக்எண்டில் யோசியுங்கள்."

திங்கட்கிழமை மறுபடி கேட்டாள். ஜெயசெல்வி மறுபடி நோ என்றாள். அந்த வாரக் கடைசியில் அறையில் ஹாலோவேயும் இருந்தார். பியூலா எப்படி இருக்கிறாள் என்று முதலில் விசாரித்தார். பிறகு, முகர்வாளர்களின் வேலையைத் திருத்தி அமைக்கப்போகிறார்கள் என்றார். இரண்டு பேனலும் செய்கிறவர்கள் முழுநேரம். ஒன்று மட்டும் செய்கிறவர்கள் பகுதிநேரம். பகுதிநேரத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். "ஆகவே இன்னொருமுறை கேட்கலாம் என்று நினைத்தோம்" என்றார்.

பியூலா அந்தப் பிப்ரவரியில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து வந்திருந்தாள். சத்தியசீலனுக்குக் கட்டிடம் இல்லாத மாதம்.

"சரி" என்றாள் ஜெயசெல்வி.

"மனம் மாறுவீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார் ஹாலோவே. எழுந்து கை கொடுத்தார்.

சாயங்காலம் புருஷனிடம், "மூணு தரம் கேட்டாவ" என்றாள்.

அவன் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தான். "அப்ப நம்ம பழக்கம் எல்லாம் கத்துக்கிட்டாங்க போலுக்கு" என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. எழுந்து போய்க் குழந்தைக்கு மருந்து ஊற்றினான்.

முதல் நாள் பாதப் பேனலுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வந்திருந்தார்கள். ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு, வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் பேப்பர் படித்தார்கள். கிறிஸ்டின் கீழே சக்கரம் வைத்த குட்டை ஸ்டூல் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேலே நீல மெத்தை தைத்திருந்தது.

"உங்களுக்காகவே ஆர்டர் பண்ணினேன். முட்டி வலிக்காது" என்றாள்.

ஜெயசெல்வி உட்கார்ந்தாள். புடவை கட்டுவதில்லை என்பதால் குனிய வசதியாகத்தான் இருந்தது. முதல் ஆள் பேப்பரைத் தாழ்த்தி, "குட் மார்னிங்" என்றான். "குட் மார்னிங்" என்றாள். அவன் இடது காலுக்கு ஏழு போட்டாள், வலது காலுக்கு மூன்று. பவுடர் நல்ல பவுடர்தான். ஸ்டூலை உருட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள்.